பழைய கணினியும் மாறாத காதும்

பரணில் ஏறிய பொருள் கீழே இறங்கி வருவது அபூர்வம். பித்தளை அண்டாவுக்காவது கல்யாணம், காதுகுத்து என்று ஒரு நாள் வரும். கணினிக்கு அதுவும் வராது. ஏழெட்டு வருடம் உழைத்த மடிக்கணினி 'ஸ்லோ ஆயிடுச்சு' என்ற ஒற்றைத் தீர்ப்போடு மேலே போகிறது, சில வருடம் தூசி சேர்க்கிறது, பிறகு பழைய பேப்பரோடு சேர்ந்து எடைக்குப் போகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவைச் சேர்த்தது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடுதான் என்றும் ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அந்த மலையில் கிடக்கும் கணினிகள் எல்லாம் செத்துப் போனவையா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஒரு கணினியின் முதுமையை அதன் வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனிடம் நாம் ஒப்படைக்கும் வேலை எவ்வளவு பெருத்துவிட்டது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. நாற்பது ஆண்டுகளாகப் பெருக்காத வேலை ஒன்று உண்டு: பாட்டை எடுத்துக் கொடுப்பது. அந்த வேலைக்குப் பரணில் கிடக்கும் கணினி இன்றும் இளசுதான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் 'ஸ்லோ' என்ற சொல்லைப் பார்ப்போம். சிலிக்கான் சில்லுக்கு மூட்டுவலி வருவதில்லை. 2010இல் நொடிக்கு இருநூறு கோடித் துடிப்பு என்று வேலை செய்த செயலி இன்றும் அதே இருநூறு கோடித் துடிப்போடுதான் வேலை செய்கிறது. தூசி அடைத்துச் சூடேறினால் வேகம் குறையும், ஹார்ட் டிஸ்க் தேய்ந்தால் தடுமாறும், இரண்டும் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாதது வெளியே நடந்த மாற்றம். ஒரு சராசரி இணையப் பக்கம் இன்று 2 மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. பிரவுசரில் பத்துப் பக்கத்தைத் திறந்து வைத்தால் சில ஜிகாபைட் நினைவகம் காலி. வீடியோக்கள் கூடுதல் துல்லியத்துக்குப் போய், பழைய செயலிகள் அறியாத சுருக்க முறைகளில் வருகின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் பல கணினிகளில் இல்லை. ஆக, கணினி நின்ற இடத்திலேயே நிற்கிறது. சுற்றியிருக்கும் வேலைதான் ஓடிப் போய்விட்டது. வேலை ஓடாத இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இசையின் அளவை நிர்ணயித்தது மனிதக் காது. நல்ல செவித்திறன் உள்ள இளைஞருக்கு நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கும். ஓர் ஒலியலையை எண்களாக மாற்றித் திரும்ப அலையாக்க வேண்டுமானால், அதிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கும் மேல் அளவெடுத்தால் போதும். நைக்விஸ்ட், ஷானன் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் தேற்றம் இது. இருபதாயிரத்துக்கு நாற்பதாயிரம், கொஞ்சம் கூடுதல் இடம். ஃபிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் சி.டி.க்குத் தரம் வகுத்தபோது நொடிக்கு 44,100 அளவு என்று முடிவு செய்தன. இந்த விசித்திர எண் வந்த வழி சுவையானது. அன்று எண்வடிவ ஒலியைப் பதிய வீடியோ டேப்தான் கைவசம் இருந்த ஊடகம். ஒரு டிவி வரியில் மூன்று அளவுகள், ஒரு புலத்தில் 294 வரிகள், நொடிக்கு 50 புலங்கள் என்று ஐரோப்பிய முறையில் பெருக்கினாலும், 3 x 245 x 60 என்று அமெரிக்க முறையில் பெருக்கினாலும் வருவது ஒரே 44,100. ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட், இடம் வலம் என்று இரண்டு தடங்கள். ஆக நொடிக்கு 14,11,200 பிட், அதாவது 1,76,400 பைட். 1980களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட இந்த எண் இன்றும் மாறவில்லை. காரணம், காது மாறவில்லை. மாறினாலும் வயதோடு அது மேல் அதிர்வெண்களை இழக்குமே தவிரப் புதிதாக எதையும் சேர்த்துக்கொள்ளாது.

இந்த எண்ணுக்கு எதிரே கணினிகளை நிறுத்திப் பார்த்தால் மாற்றம் புரியும். சி.டி. கடைக்கு வந்த அதே 1982இல் வெளியான கமடோர் 64 என்ற வீட்டுக் கணினியின் மொத்த நினைவகம் 64 கிலோபைட். சி.டி. தர இசையில் அது ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆலாபனையில் பாடகர் வாயைத் திறப்பதற்குள் நினைவகம் நிரம்பிவிடும். அன்றைய கணினிக்கு இசை எட்டாக் கனி. இருபது ஆண்டு கழித்து, 2004 வாக்கில் விற்ற ஒரு சாதாரண மேசைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு ஏறக்குறைய 40 மெகாபைட் படிக்கும். இசைக்கு வேண்டியதைப் போல இருநூறு மடங்குக்கும் மேல். அதன் வலைக்கம்பி நொடிக்கு 100 மெகாபிட் கடத்தும், சுருக்காத சி.டி. இசையை ஒரே சமயத்தில் அறுபது பேருக்கு வெவ்வேறு பாட்டாக அனுப்பினாலும் அதில் இடம் மிஞ்சும். ஒரு குடும்பத்தில் அறுபது பேர் இருப்பதில்லை. இருந்தாலும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பாட்டுக் கேட்பதில்லை. கணினி எப்போதோ இசையைத் தாண்டிச் சென்றுவிட்டது என்பதுதான் இந்தக் கணக்கின் பொருள். அதன் பிறகு வந்த கணினிகள் எவ்வளவு வேகமாக இருந்தாலும் இசைக்கு அந்த வேகம் தேவைப்படவில்லை.

இப்படிப் பாட்டை எடுத்துக் கொடுக்கும் கணினியைச் சர்வர் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் குளிரூட்டிய கூடமும் கண்சிமிட்டும் விளக்குகளும் நினைவுக்கு வருவதால், வேலை பெரிதாகத் தோன்றுகிறது. உண்மையில் அது நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுப்பவரின் வேலைதான். கைபேசியோ டிவியோ 'இந்தப் பாட்டு' என்று வீட்டு வைஃபை வழியாகக் கேட்கிறது. கணினி அந்த ஃபைலைத் திறந்து, சிறு சிறு பொட்டலங்களாக அனுப்புகிறது. சுருக்கத்தை அவிழ்ப்பதும் ஒலியாக்குவதும் கேட்பவரின் கருவியில் நடக்கும் வேலைகள். இடையில் வைஃபை தடுமாறினால் பாட்டு ஏன் நிற்பதில்லை என்பதற்கு நம் வீடுகளின் தண்ணீர் ஏற்பாடே விளக்கம். குழாயில் தண்ணீர் வருவது நம் கையில் இல்லை. வரும்போது மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக்கொள்கிறோம், அதனால் சமையலறைக் குழாய் சீராக ஊற்றுகிறது. கைபேசியின் நினைவகத்தில் சில நொடிப் பாட்டு முன்கூட்டியே நிரம்பியிருப்பதும் அப்படி ஒரு தொட்டிதான். வழியில் தொலைந்த பொட்டலம் திரும்பக் கேட்டு வாங்கப்படும். தொட்டி வற்றுவதற்குள் அது வந்து சேர்ந்தால் போதும், காதுக்கு ஒன்றும் தெரியாது. இசையின் ஓட்டம் மெலிதாக இருப்பதால் தொட்டி நிரம்பச் சில கணமே போதும்.

பாட்டைச் சேமிக்கும் முறையிலும் இதே கதைதான். 1990களின் தொடக்கத்தில் தரமாக்கப்பட்ட எம்பி3, காதின் ஒரு பலவீனத்தைப் பயன்படுத்துகிறது. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கொட்டச் சொல்வது, யாரோ தும்மியதோ அபசகுனமாகப் பேசியதோ காதில் விழக்கூடாது என்பதற்காக என்பார்கள். உரத்த ஒலி தனக்கு அருகிலுள்ள மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும் என்ற செவியியல் உண்மை அதில் இருக்கிறது. மறைந்துபோகும் ஒலியை எதற்குச் சேமிக்க வேண்டும் என்று எம்பி3 அதை விட்டுவிடுகிறது. பாட்டு பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது, விட்டது விட்டதுதான். 2001இல் வந்த ஃப்ளாக் வேறு வழியில் போகிறது. பாடகரோடு பலகாலம் மேடை ஏறிய பக்கவாத்தியக்காரர் அடுத்த பிடி எங்கே போகும் என்று ஊகித்துவிடுவார். ஃப்ளாக்கும் முந்தைய அளவுகளைக் கொண்டு அடுத்த அளவை ஊகிக்கிறது; ஊகம் எவ்வளவு தவறியது என்ற சிறு எண்ணை மட்டும் எழுதி வைக்கிறது. அவிழ்க்கும்போது ஒரு பிட்கூடக் குறையாமல் மூலம் திரும்பக் கிடைக்கும். இடம் மட்டும் ஏறக்குறைய பாதியாகிறது. ஊகிப்பதற்குத்தான் உழைப்பு வேண்டும், அவிழ்ப்பதற்கு மிகக் குறைவு. ஒரு முழு சி.டி. இப்படிச் சுருங்கினால் சுமார் 400 மெகாபைட். பழைய மடிக்கணினியின் 500 ஜிகாபைட் டிஸ்க்கில் ஆயிரத்துக்கும் அதிகமான சி.டி.க்கள் அடங்கும். நாளுக்கு ஒன்று வீதம் கேட்டால் மூன்று வருடம் ஆகும்.

இனி அமைக்கும் வழி. பழைய விண்டோஸை அப்படியே விட்டு வலையில் இணைப்பது நல்லதல்ல. டெபியன் போன்ற ஒரு லினக்ஸைத் திரைச்சூழல் எதுவும் இல்லாமல் நிறுவினால் சில நூறு மெகாபைட் நினைவகத்திலேயே அது ஓடும். இங்கே வயதுக்கு ஒரு கோடு உண்டு. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டது. 2006 வாக்கில் வந்த கோர் 2 வகைச் செயலிகளும் அவற்றுக்குப் பின் வந்த பெரும்பாலானவையும் 64 பிட் என்பதால் கவலை இல்லை. அதற்கு முந்தியவற்றைப் பற்றி இருமுறை யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த கருவிகள் இந்தக் கோட்டுக்கு இப்பால் நிற்பவை. அவற்றோடு வந்த பாஸ் லினக்ஸும் டெபியனிலிருந்து சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கியதே. லினக்ஸின் மேல் நேவிட்ரோம் போன்ற இலவச மென்பொருளை ஏற்றி, பாட்டுக் கோப்புறை எங்கே என்று காட்டினால், அது தானே படித்துப் பட்டியல் போடும். கைபேசியில் ஓர் ஆப், வேறு கணினியில் பிரவுசர் போதும். கணினியையே பெருக்கியோடு கம்பியால் இணைத்து, கைபேசியை ரிமோட்டாக மட்டும் வைத்துக்கொள்ள விரும்பினால் 2003 முதல் இருக்கும் எம்.பி.டி. உண்டு. வெவ்வேறு அறைகளில் ஒரே பாட்டு ஒரே கணத்தில் ஒலிக்க வேண்டுமானால் லிரியான். இந்த லிரியானின் வரலாறே நம் வாதத்துக்குச் சாட்சி. ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் 2001இல் விற்கத் தொடங்கிய பாட்டுப்பெட்டிக்காக எழுதப்பட்ட மென்பொருள் அது. நிறுவனத்தை 2006இல் லாஜிடெக் வாங்கியது, 2012இல் அந்தப் பெட்டிகளின் வரிசையைக் கைவிட்டது. திறந்த மூலமாக இருந்ததால் மென்பொருள் மட்டும் பயனர்கள் கையில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பெட்டியை விற்றவர் போன பிறகும் பாட்டு நிற்கவில்லை.

பழைய கணினிக்குப் புதியதை விடக் கூடுதல் தகுதி ஒன்றும் உண்டு. அலமாரியில் இருக்கும் சி.டி.க்களைப் படிக்கும் டிரைவ் இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இல்லை, பழையதில் இருக்கிறது. கேசட் பிளேயரின் ஒலியை வாங்கும் நீலத் துளை இன்று அரிதாகிவிட்டது. பழைய மேசைக் கணினியின் முதுகில் அது இருக்கும். சி.டி.யிலிருந்து பாட்டை எடுப்பதில் கவனம் வேண்டும். தரவு சி.டி.யில் பிழை திருத்த ஓர் அடுக்கு கூடுதலாக உண்டு, பாட்டு சி.டி.யில் அது கிடையாது. கீறல் விழுந்த இடத்தில் டிரைவ் உத்தேசமாக நிரப்பிவிட்டுப் போகும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும் மென்பொருளைப் பயன்படுத்தினால் இந்த உத்தேசம் பிடிபடும். கேசட்டில் அவசரத்துக்கு வழியே இல்லை. 90 நிமிட நாடா மாற 90 நிமிடம்தான். பொறுமையாக உட்கார்ந்து மாற்றினால், எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லாத கோயில் நாதஸ்வரக் கச்சேரியும், வானொலியிலிருந்து பிடித்து வைத்த நாடகமும், கல்யாண வீட்டில் பதிந்த நலங்குப் பாட்டும் சர்வருக்குள் வந்து சேரும். சட்டத்தைப் பொறுத்தவரை, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அதே சர்வரை ஊருக்கெல்லாம் திறந்துவிடுவது அந்த வரம்புக்குள் வராது.

சேர்த்த பாட்டைத் தேடி எடுக்கப் பெயர் ஒழுங்காக இருக்க வேண்டும். இங்கேதான் தமிழுக்கு ஒரு பழைய கணக்குப் பாக்கி இருக்கிறது. எம்பி3 ஃபைலின் வாலில் விவரம் எழுதும் முதல் முறை 1996இல் வந்தபோது பாட்டின் தலைப்புக்கு ஒதுக்கிய இடம் 30 பைட். ஆங்கிலத்தில் முப்பது எழுத்து. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் கேட்கும்; 'கா' என்று எழுத க ஒன்று, கால் ஒன்று என்று ஆறு பைட். முப்பதில் ஐந்தாறு எழுத்தோடு தலைப்பு அறுந்துவிடும். அதனால்தான் நம் பழைய தொகுப்புகளில் பாட்டின் பெயர்கள் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாகக் கிடக்கின்றன. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் எழுதியவையோ புரியாத கிறுக்கலாகத் தெரிகின்றன. பின்னால் வந்த முறைகளும் ஃப்ளாக்கும் இந்தத் தடையை நீக்கிவிட்டன. நம் இசைக்கு வேண்டிய ஒழுங்கும் வேறு. கலைஞர், ஆல்பம், பாட்டு என்ற மூன்று அறைக்குள் மேற்கத்திய பாப் இசை அடங்கும். திரைப்பாட்டுக்கு இசையமைப்பாளர், பாடியவர், எழுதியவர், படம் என்று நான்கு வாசல் வேண்டும். கச்சேரிக்கு ராகமும் தாளமும் இல்லாமல் பட்டியலே இல்லை. சொந்த சர்வரில் 'வகை' என்ற இடத்தில் ராகத்தின் பெயரை எழுதிவிட்டால், கல்யாணி என்று தொட்ட உடனே வீட்டிலுள்ள கல்யாணி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பொழுதைக் கேட்கும் வேலைதான். ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

இப்போது எதிர்வாதங்கள். முதலாவதும் வலுவானதும் மின்சாரம். 2004 காலத்து மேசைக் கணினி சும்மா இருக்கும்போதே 80 வாட் அளவுக்கு எடுக்கக்கூடியது. இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 115 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டையும் தின்று மேலும் கேட்கும். ஆண்டுக்கு 700 யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்றால் ஏறக்குறைய 490 கிலோ. புதிய மடிக்கணினி ஒன்றை உற்பத்தி செய்வதில் வெளியாகும் வாயு பொதுவாக 200 முதல் 300 கிலோ என்று தயாரிப்பாளர்களின் அறிக்கைகள் காட்டுகின்றன. அப்படியானால் பழைய மேசைக் கணினியை ஓயாமல் ஓட்டிக் கழிவைக் குறைத்தேன் என்பது கணக்கில் நிற்காது. இந்த எதிர்வாதத்தை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். ஏற்றால் நம் வாதம் கூர்மையாகிறது, உடைவதில்லை. திரை அணைந்த மடிக்கணினி 15 வாட் அளவில் நிற்கும். இரு மாதத்துக்கு 22 யூனிட்டுக்கும் குறைவு. ராஸ்ப்பெரி பை போன்ற சிறு பலகைக் கணினி 3 வாட்டில் இதையும் வெல்லும்; ஆனால் அதற்குப் புதிதாகப் பணமும் தனியாக டிஸ்க்கும் வேண்டும். மேசைக் கணினிதான் இருக்கிறதென்றால் அது ஓயாமல் ஓட வேண்டிய அவசியமும் இல்லை. கணினி உறங்கும்போதும் வலைக்கம்பியைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஒரு சிறு சுற்று அதில் உண்டு. தன் முகவரியைப் பதினாறு முறை சொல்லி அழைக்கும் ஒரு குறிப்பிட்ட பொட்டலம் வந்தால் அது கணினியை எழுப்பிவிடும். நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 117 யூனிட்டும் உறக்கத்தில் செலவாகும் கொஞ்சமும்தான். நூற்றுக்கணக்கான வாட் கேட்ட விளையாட்டுக் கணினிகளை இதற்கு ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது எதிர்வாதம் ஒலித்தரம். சி.டி.யின் 16 பிட்டும் 44,100உம் பழைய தரம், இப்போது 24 பிட்டும் 1,92,000உம் வந்துவிட்டது, காதுக்கு வேண்டியது வளரவில்லை என்பது எப்படி என்று கேட்கலாம். 2007இல் மேயர், மொரான் என்ற இருவர் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவையும் அதையே சி.டி. தரத்துக்கு இறக்கியதையும் கண்டுபிடிக்கச் சொன்னபோது 554 முயற்சிகளில் சரியாக இருந்தவை 49.8 விழுக்காடு; நாணயம் சுண்டினாலும் அவ்வளவே. எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. பதினெட்டு ஆய்வுகளைத் தொகுத்து ஜோஷுவா ரைஸ் 2016இல் கணித்தபோது சரியான விடை 52.3 விழுக்காடு, பயிற்சி பெற்றவர்களிடம் இது 60ஐ ஒட்டி உயர்ந்தது. வேறுபாடு இருக்கலாம், இருந்தாலும் நூலிழைதான் என்று இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். அந்த நூலிழை வேண்டும் என்பவருக்கும் பழைய கணினி தடையில்லை. 24 பிட், 1,92,000 என்றாலும் நொடிக்கு 9.2 மெகாபிட்தான், பழைய வலைக்கம்பியில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கணினியின் வயது ஒலியில் தெரியுமா என்றால், தெரியாது. எண்கள் மாறாமல் வந்து சேர்வதை வலைப்பின்னல் விதிகள் பார்த்துக்கொள்கின்றன. அவற்றை எந்தக் கணத்தில் ஒலியாக்குவது என்பதைக் கேட்பவர் அறையிலுள்ள கருவியின் கடிகாரம் முடிவு செய்கிறது. பாட்டில் குறை இருந்தால் அதைத் தேட வேண்டிய இடம் காதுக்குப் பக்கத்தில்: ஸ்பீக்கர், அறையின் எதிரொலி, புளூடூத்தின் சுருக்கம்.

மூன்றாவது எதிர்வாதத்தில் நடைமுறை அறிவு இருக்கிறது. மாதச் சந்தாவுக்குக் கோடிக்கணக்கான பாட்டுக் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு? கேட்கும் பாட்டின் எண்ணிக்கையில் வீட்டு சர்வர் அவற்றோடு போட்டி போடவே முடியாது. புதுப் பாட்டைத் தேடிக் கேட்பவர் சந்தாவை விடவும் வேண்டாம். ஆனால் சந்தா தருவது வாடகை உரிமை. வீட்டுக்காரருக்கும் பாட்டு நிறுவனத்துக்கும் சண்டை வந்தால் குடியிருப்பவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபைக்கும் ஜீ மியூசிக்குக்கும் உடன்பாடு ஏற்படாததால் பிரபலமான இந்திப் பாட்டுகள் பல ஒரே நாளில் பட்டியலிலிருந்து காணாமல் போயின. வின்க் என்ற தன் இசைச் சேவையை மூடப்போவதாக 2024இல் ஏர்டெல் அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைத்த விருப்பப் பட்டியல்கள் எப்பேர்ப்பட்ட அடித்தளத்தில் நிற்கின்றன என்பதை அது காட்டியது. எல்லாவற்றிலும் பெரிது மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தின் கதை. சர்வர் மாற்றும்போது 2015க்கு முன் பயனர்கள் ஏற்றிய பாட்டுகள் அழிந்துவிட்டதாக அந்த நிறுவனம் 2019இல் ஒப்புக்கொண்டது. இழந்தவை சுமார் ஐந்து கோடிப் பாட்டுகள் என்று மதிப்பிட்டார்கள். பெரிய நிறுவனத்திடம் இருப்பதாலேயே ஒரு பாட்டு பத்திரம் என்று எண்ண இந்த மூன்றும் இடம் தரவில்லை. எளிதில் திரும்பக் கிடைக்காதவற்றை, அதிலும் கேசட்டிலிருந்து ஏறிய வீட்டுப் பதிவுகளை, சொந்தக் கையில் வைத்துக்கொள்ள இதுவே காரணம்.

சொந்தக் கை மட்டும் பத்திரமா என்ற நான்காவது கேள்வி இங்கே தானாக எழுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க் எந்த நாளும் நிற்கலாம். 1999க்கும் 2007க்கும் இடையில் செய்த பல மேசைக் கணினிகளின் தாய்ப்பலகையில் தரம் குறைந்த மின்தேக்கிகள் இருந்தன. தலை வீங்கியிருந்தால் அந்தப் பலகையை நம்பக் கூடாது. மடிக்கணினியின் பேட்டரி மின்வெட்டில் சர்வரைத் தாங்கும் நல்ல துணை; உப்பிப்போனது தெரிந்தால் அன்றே கழற்றிவிட வேண்டிய ஆபத்தும் அதுவே. இதற்கெல்லாம் மருந்து, கணினியையும் பாட்டையும் வேறு வேறாகப் பார்ப்பது. கணினி போகட்டும், பாட்டு போகக் கூடாது என்றால் மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு வீட்டில் என்ற பழக்கம் போதும். பிரதி பிழையில்லாமல் இருக்கிறதா என்று சோதிக்க ஃப்ளாக் ஒரு வழி வைத்திருக்கிறது: மூல ஒலியின் கைரேகை போன்ற ஓர் எண் ஒவ்வொரு ஃபைலின் முகப்பிலும் பதிந்திருக்கும். ஒரு பிட் மாறினாலும் சோதனை காட்டிக் கொடுத்துவிடும். சரியான பிரதியிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். திருடர் பயத்துக்கு விடை இன்னும் எளிது. ரவுட்டரில் வெளியுலகுக்குக் கதவைத் திறக்காமல் இருந்தால் சர்வர் வீட்டுக்குள்ளேயே இருக்கும். வெளியூரிலிருந்து கேட்டே ஆக வேண்டுமானால், 2020 முதல் லினக்ஸின் கருவிலேயே இருக்கும் வயர்கார்டு போன்ற மறைவழியில் மட்டும் உள்ளே வரலாம். அப்போது பாட்டைப் பறக்கும் நேரத்திலேயே ஓபஸ் என்ற சிக்கன வடிவத்துக்கு மாற்றி அனுப்பச் சொன்னாலும் பத்துப் பன்னிரண்டு வயதுச் செயலி அசராமல் செய்யும்.

எல்லாப் பழைய கணினியையும் காப்பாற்ற வேண்டும் என்று இந்த வாதம் சொல்லவில்லை. அதிக மின்சாரம் தின்பது, வீங்கியது, 32 பிட்டோடு நின்றது ஆகியவை முறையான மறுசுழற்சியாளரிடம் போவதே நியாயம். மீதி இருப்பவை குறைவல்ல. அவற்றில் ஒன்று பரணிலிருந்து இறங்கி, ரவுட்டருக்குப் பக்கத்தில் மூடிய மடலோடு உட்கார்ந்து, வீட்டிலிருக்கும் பாட்டையெல்லாம் கேட்டவருக்குக் கேட்டபடி எடுத்துக் கொடுத்தால், அது தன் திறமையில் நூற்றில் ஒரு பங்கைக்கூடச் செலவழிப்பதில்லை. ஐந்தாறு வருடத்தில் ஒருநாள் அது நிற்கும். அப்போது டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினால், ராகப் பெயர் வரை எழுதி வைத்த அத்தனையும் விட்ட இடத்திலிருந்து ஒலிக்கும். ஃபைல்களின் வடிவம் எவருக்கும் சொந்தமில்லாத பொது வடிவம் என்பதால் எந்த நிறுவனத்திடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த இன்னொரு கணினியைத் தேடி அலையவும் வேண்டாம். இன்று புதிது என்று மேசையில் இருக்கிறதே, அது அதற்குள் 'ஸ்லோ' ஆகியிருக்கும்.